ஒன்லைனில் தவறாக வாங்கிய கியர் சைக்கிளை ஃபிக்ஸ்ட் கியராக மாற்றலாமா?

படத்தைப் பார்த்து ஒன்லைனில் எடுத்த கியர் சைக்கிள் பிடிக்கவில்லை, ஃபிக்ஸ்ட் கியராக மாற்றினால் சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஃபிக்ஸ்ட் கியர் என்றால் பின்சில்லு சுழலும் வரை பெடலும் கூடவே சுழலும். ஃபிரேம் உங்களுக்குப் பெரிதென்றால் எதை மாற்றினாலும் பெரிதுதான், திருப்பி அனுப்பப் பாருங்கள். அளவு சரி என்றால், பின்சில்லின் அச்சு உட்காரும் வெட்டைக் குனிந்து பாருங்கள்: கிடையாக இருந்தால் சில்லைப் பின்னுக்கு இழுத்து செயினை இறுக்கலாம், செங்குத்தாக இருந்தால் தொய்வை எடுப்பது கஷ்டம். செயின் தொய்வை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும் உதவாது, ஏனென்றால் ஃபிக்ஸ்டில் பெடலைப் பின்னுக்கு அழுத்தும்போது இழுவை கீழ்ப்பக்கச் செயினுக்குப் போய்விடும்.

பெடலை நிறுத்தினாலும் சில்லு தானே சுழல விடும் சாதாரண ஃப்ரீவீலின் ஹப்பிலேயே (சில்லின் நடுப்பகுதி) ஃபிக்ஸ்ட் பல்சக்கரத்தை முறுக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து வேண்டாம். எதிர்ப்பக்கமாக முறுக்கி, அதாவது இடப்புரியில், பூட்டும் லொக்ரிங் வளையம் இல்லாவிட்டால் பின்னழுத்தத்தில் அது கழன்றுவிடும், ஆக ஃபிக்ஸ்ட் ஹப் உள்ள புதுச் சில்லுச் செலவும் சேரும்.

திருகோணமலையில் நிலாவெளி வீதி மட்டம், எந்தக் கியரும் போதும். கோணேசர் கோயில் ஏற்றம் அப்படியில்லை, அப்புறம் இறக்கத்தில் கால் ஓயவே ஓயாது. நான் என்றால் ஒரே கியருள்ள சிங்கிள் ஸ்பீட் ஃப்ரீவீல் போட்டு இரண்டு பிரேக்கையும் வைத்துக்கொள்வேன். அதற்கு டென்ஷனரும் ஒத்துவரும், கடல் உப்பில் துருப்பிடிக்கச் சாமானும் குறைவு.