க்ரோவி வீடுகள் ஏன் கடலுக்கு முகம் காட்டுவதில்லை?

கடற்கரையிலேயே கட்டிய வீட்டுக்கு வாசலை ஏன் கடல் பார்த்து வைக்கவில்லை என்ற கேள்விக்குப் பதில்: அலை. ஸ்காட்லாந்தின் வடகிழக்கில், அபர்டீன்ஷயரில், செங்குத்துச் சரிவின் அடியில் ஒரே வரிசையாக நிற்கிறது க்ரோவி என்ற சிற்றூர். உள்ளூர்க்காரர்கள் சொல்வது 'க்ரிவி'. பெரும்பாலான வீடுகளில் கூரை முக்கோணமாக முடியும் குறுகிய கோம்பைச் சுவர்தான் கடலைப் பார்க்கிறது. அலை மோதும் பரப்பு குறைவு. கதவும் சன்னலும் பக்கவாட்டில் தப்பிக்கின்றன. அருமையான யோசனை.

ஆட்டுப் பண்ணைக்காக நிலக்கிழார்கள் வெளியேற்றிய குடும்பங்கள் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே குடியேறி மீன்பிடியில் இறங்கின. 1953 ஜனவரி 31 புயல் பாதையையும் சில வீடுகளையும் சிதைத்தது. பலர் ஊரைவிட்டே போனார்கள்.

இன்று பெரும்பாலானவை விடுமுறை வீடுகள். வீடுகளின் முன்னால் ஓடும் நடைபாதையில் கார் நுழையாது. மூட்டை முடிச்செல்லாம் தள்ளுவண்டியில்தான்.

இத்தகைய பழைய கல்வீட்டை வாங்குபவர்கள் சுவர் இணைப்புகளில் சிமென்ட் பூசிவிடாதீர்கள். உள்ளே போன உப்பு ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லையே உதிர்க்கும். சுண்ணாம்புச் சாந்துதான் சரி.