மலிவான 1/72 டேங்க் கிட்டை வெச்சு பாக்குற மாதிரி ஒரு மாடல் தேத்த முடியுமா?

கேட்டவர்கிட்ட இருக்குறது 1/72 அளவுல (அசல்ல 72ல ஒரு பங்கு) ஒரு டி-34/85, அதாவது ரெண்டாம் உலகப் போர் கால சோவியத் டேங்க், பார்ட் பார்ட்டா ஒட்டிக் கட்டுற பிளாஸ்டிக் கிட், இருக்குறதுலயே மலிவானது. ஓரமெல்லாம் பிசிறு, டிராக் (சக்கரங்களச் சுத்தி ஓடுற பட்டை) ரப்பர் மாதிரி வளையுது, ஏர்பிரஷ் (காத்துல பெயிண்ட் தெளிக்கிற கருவி) கிடையாது, இத கட்டலாமா இல்ல தூக்கிப் போட்டுட்டு நல்லதா வாங்கலாமான்னு கேக்குறார்.

தாராளமா கட்டலாம். அதுவும் டி-34ன்னா ரொம்ப வசதி. போர் சமயத்துல அவசர அவசரமா செஞ்சு அனுப்பின வண்டி அது, டரட் (மேல பீரங்கியோட சுழலுற பகுதி) வார்ப்பு சொரசொரன்னு இருக்கும், வெல்டிங் கோணல் மாணலா இருக்கும். அதனால உங்க கை லேசா பிசகினாலும் அசல் வண்டியோட பிசகு மாதிரியே தெரியும். வழவழன்னு இருக்கிற சண்டை விமானத்துல இந்தச் சலுகை கிடைக்காது.

முதல்ல அளவ மனசுல வாங்கிக்குங்க. அசல் வண்டியோட ஹல் (டரட்டுக்குக் கீழ இருக்குற உடல்) சுமார் 6.1 மீட்டர், 1/72ல அது எட்டரை சென்டிமீட்டர்தான். அப்போ 1 மில்லிமீட்டர்ங்கிறது நிஜத்துல 7.2 சென்டிமீட்டர். கைப்பிடிக் கம்பி தடிமனா இருக்கு, போல்ட் குறையுதுன்னு ஒவ்வொண்ணா மெனக்கெட்டா முடிவே கிடையாது, அரை அடி தள்ளி வெச்சுப் பாத்தா அதெல்லாம் கண்ணுக்கே தெரியாது. தெரியுறது மூணே விஷயம்: பீரங்கிக் குழாய், டிராக், பெயிண்ட். நேரத்த அதுல போடுங்க.

கட்டுறதுல பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. பார்ட்டெல்லாம் ஒட்டியிருக்குற ஃப்ரேமோட எல்லாத்தையும் பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணில அலசிக் காய வைங்க, அச்சுல இருந்து வர்ற எண்ணெய்ப் பசை இருந்தா பெயிண்ட் பிடிக்காது. பார்ட்ட கையால முறுக்கிப் பிய்க்காதீங்க, நிப்பர்ல (சின்ன வெட்டுக் குறடு) கொஞ்சம் தள்ளி வெட்டி அப்புறம் பிளேடால சீவுங்க. ஒட்டுறதுக்கு பிளாஸ்டிக் சிமெண்ட்தான், அது பிளாஸ்டிக்க லேசா உருக்கி ரெண்டையும் ஒண்ணாக்கிடும், ஃபெவி க்விக் மாதிரி சூப்பர் க்ளூ ஐட்டம் டிராக்குக்கு மட்டும் போதும். ஜன்னலத் திறந்து வெச்சுக்குங்க, அந்த வாடை நல்லதில்ல.

டரட் மலிவு கிட்ல மொழுமொழுன்னு பொம்மை மாதிரி இருக்கும். அதுமேல சிமெண்ட்ட மெல்லிசா தடவி சில வினாடி விட்டு, முடி விறைச்ச பழைய பிரஷ்ஷ நேரா நிமித்திப் பிடிச்சு டொக் டொக்குன்னு குத்திக்கிட்டே வாங்க. மேல்தோல் இளகி சின்னச் சின்னப் புள்ளியா எழும்பும், காஞ்சதும் அப்படியே வார்ப்பு எஃகு. அழுத்திக் குத்தினா குழி விழுந்துடும், அது மட்டும் பாத்துக்குங்க.

பீரங்கிக் குழாய் பெரும்பாலும் ரெண்டு பாதி சேர்ந்த கோட்டோட வரும், அதச் சுரண்டும்போது ஒரே பக்கமா தேய்ச்சா குழாய் தட்டையாயிடும், அதனால உருட்டி உருட்டி தேய்க்கணும். நுனி அடைபட்டு இருந்தா ஊசியால நடுவுல ஒரு குழி போட்டுட்டு கை டிரில்ல திறந்துடுங்க. 85 மிமீ பீரங்கி இந்த அளவுல 1.2 மிமீ ஓட்டை, 1 மிமீ பிட் இருந்தாலே போதும். இந்த ஒரு ஓட்டைக்கு அஞ்சு நிமிஷம் ஆகும், ஆனா இது இல்லேன்னா என்ன பெயிண்ட் அடிச்சாலும் பொம்மைதான்.

டிராக்தான் இந்த மாதிரி கிட்ல உயிர வாங்குற இடம். வளையுற டிராக் பல கிட்ல சாதா சிமெண்ட்டுக்கு ஒட்டவே ஒட்டாது. சில வகை வினைல்ல இருக்குற எண்ணெய் வருஷக்கணக்குல கசிஞ்சு சக்கரத்தையே அரிச்சுடும், அதனால சக்கரத்துக்கு பெயிண்ட் அடிச்சு ஒரு மறைப்பு கொடுத்துட்டு டிராக்க மாட்டுறது நல்லது. மாட்டினதும் அது மேல ரப்பர் பேண்ட் மாதிரி விண்ணுன்னு நிக்கும் பாருங்க, அங்கதான் எல்லாம் கெடுது, ஏன்னா டி-34ல மேல தாங்குற சின்ன உருளைகள் கிடையாது, அசல் டிராக் அத்தனை கனத்தோட நேரா பெரிய சக்கரங்க மேலதான் படுத்துக் கிடக்கும். அதனால ஒவ்வொரு சக்கரத்து உச்சியிலயும் ஒரு சொட்டு சூப்பர் க்ளூ வெச்சு, டிராக்குக்கும் மட்கார்டுக்கும் நடுவுல பஞ்சோ பல்குத்தும் குச்சியோ திணிச்சு அழுத்தி வெச்சுடுங்க, காஞ்சதும் உருவிக்கலாம். இன்னொண்ணு, இந்த வண்டிக்கு இழுக்குற சக்கரம் பின்னாடி, அமெரிக்க ஷெர்மன் டேங்குக்கும் ஜெர்மன் டைகருக்கும் முன்னாடி. சிலர் மாத்தி மாட்டிடுறாங்க.

இப்ப பெயிண்ட். ஏர்பிரஷ் தேவையே இல்ல. தண்ணில கரையுற அக்ரிலிக், நல்ல மெல்லிசான தட்டை பிரஷ் ஒண்ணு, அவ்வளவுதான். பெயிண்ட்ட பால் பதத்துக்குக் கரைச்சு மூணு கோட் அடிங்க, முதல் கோட் திட்டுத்திட்டா அசிங்கமாத்தான் தெரியும், அதப் பாத்து பயந்து கெட்டியா அடிச்சா கதை முடிஞ்சது, விவரமெல்லாம் மூழ்கிடும். சோவியத் பச்சைய டப்பால இருக்குற மாதிரியே அடிக்காதீங்க, கொஞ்சம் மஞ்சளோ வெளிர் நிறமோ கலந்து வெளுப்பாக்குங்க. சின்ன சாமான்ல நிறம் எப்பவும் இருட்டாத் தெரியும், மேல வேற வாஷ்னு ஒரு அடர் பழுப்புத் தண்ணி (அடுத்துச் சொல்றேன்) வரப்போகுது. பச்சை பிடிக்கலேன்னா குளிர்காலத்துல சுண்ணாம்பு வெள்ளை அடிச்ச வண்டியும் உண்டு, அது அங்கங்க உரிஞ்சு கிடந்தாத்தான் அழகே.

வாஷ்னா அடர் பழுப்பு ஆயில் பெயிண்ட்ட டர்பன்டைன்ல கருப்பட்டித் தண்ணி மாதிரி கரைக்கிறது. அக்ரிலிக் நல்லா காஞ்சப்புறம், இஞ்சின் கிரில், மூடி ஓரம், வெல்டிங் கோடு இங்கெல்லாம் பிரஷ் நுனியால தொட்டாலே போதும், தானா ஓடிப் போய் இடுக்குல உக்காந்துக்கும். வண்டி முழுக்க குளிப்பாட்ட வேணாம். மறுநாள் வெளிர் பச்சைய பிரஷ்ல தொட்டு துணில கிட்டத்தட்ட எல்லாத்தையும் துடைச்சுட்டு, மூலை முடுக்குல மட்டும் வறட்டு பிரஷ்ஷா உரசுங்க. பாதி பேர் இதுல அளவு தெரியாம உரசி வண்டிய சுண்ணாம்புல புரட்டின மாதிரி ஆக்கிடுறாங்க, எனக்கு அது சுத்தமா பிடிக்காது.

டிராக்குக்கு செங்கல் கலர்ல துரு அடிக்காதீங்க. ஓடுற வண்டியோட டிராக் மண்ணுல தேய்ஞ்சுக்கிட்டே இருக்கும், அடர் பழுப்பு சாம்பல் அடிச்சு, தரையத் தொடுற மேடுகள்ல மட்டும் மெத்துன்னு முனை இருக்குற பென்சிலால தேய்ச்சா அப்படியே இரும்பு மினுக்கு வந்துடும். சக்கரத்து ரப்பர் விளிம்புக்கு கருப்பு வேணாம், அடர் சாம்பல்.

நம்பர் ஸ்டிக்கர், அதான் தண்ணில ஊற வெச்சு நகர்த்துற டீகால், ஒட்டப் போற இடத்துல முதல்ல பளபளப்பு வார்னிஷ் ஒரு கோட், இல்லேன்னா அடியில காத்து நின்னு வெள்ளி மாதிரி மின்னும். இத வாஷுக்கு முன்னாடியே முடிச்சுட்டா நம்பர் மேலயும் அழுக்கு படிஞ்சு சேர்ந்துக்கும். கடைசியா மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ், பென்சில் வேலைய அதுக்கப்புறம் வெச்சுக்குங்க, முன்னாடியே தேய்ச்சா மினுக்கு போயிடும்.

டரட்ட ஒட்டாம சும்மா செருகி வைங்க, திருப்பிக்கலாம். ஆனா வீட்டுக்கு வர்றவங்க முதல்ல கை வைக்கிறதே பீரங்கிக் குழாய்லதான், தூக்குறவங்க கையில டரட் மட்டும் வரும், ஹல் தரைக்குப் போயிடும். ஹல்லப் பிடிச்சு தூக்கச் சொல்லி முன்கூட்டியே எச்சரிச்சுடுங்க.