கேள்வி – பதில்: மேசை மேல் ஒரு செயலி

கேள்வி: கணினிச் செயலி என்பது கோடிக்கணக்கான ட்ரான்சிஸ்டர்களோடு பெரும் ஆலைகளில் உருவாவது. அதைத் தனியொருவர் வீட்டில் கட்டினார் என்று சொல்வதை நம்பலாமா? (பாலிடெக்னிக் மாணவர், சேலம்)

பதில்: தாராளமாக நம்பலாம். சிலிக்கானில் சில்லு வார்ப்பதற்குத்தான் ஆலை வேண்டும்; செயலியை வடிவமைத்துக் கட்டுவதற்கு வேண்டியவை தாளும் பென்சிலும் சில டஜன் ஐ.சி.க்களும் (பல ட்ரான்சிஸ்டர்கள் அடங்கிய சிறு சில்லுகளும்) நிறையப் பொறுமையும்தான். 1971இல் வெளிவந்த இன்டெல் 4004 சில்லில் இருந்தவையே ஏறத்தாழ 2,300 ட்ரான்சிஸ்டர்கள். ஒற்றைச் சில்லில் செயலி அடங்குவதற்கு முன்பு, தனித்தனி ஐ.சி.க்களைப் பலகைகளில் கோத்துத்தான் மினி கணினிகளைக் கட்டினார்கள். 1960களில் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கொண்டுவந்த 7400 வரிசை ஐ.சி.க்கள் இன்றும் விற்பனையில் இருப்பதால், அதே வழி நமக்கும் திறந்தே இருக்கிறது. அமெரிக்காவில் பில் பஸ்பீ என்பவர் அவ்வரிசையைச் சேர்ந்த 200க்கும் மேற்பட்ட ஐ.சி.க்களைக் கம்பி சுற்றி இணைத்து ‘மேஜிக்-1’ என்ற கணினியைக் கட்டி, அதில் மினிக்ஸ் இயங்குதளத்தையே ஓட்டிக் காட்டினார். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் நியூமன் ஐ.சி.யும் வேண்டாம் என்று 40,000க்கும் மேற்பட்ட தனி ட்ரான்சிஸ்டர்களைப் பற்றவைத்து, சுமார் 10 மீட்டர் நீளமும் 2 மீட்டர் உயரமும் கொண்ட ‘மெகாபிராசசர்’ ஒன்றை 2016இல் முடித்தார். தாங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அதை வைக்கக் கூடத்தில் இடமும் இராது.

கேள்வி: வெறும் ஒன்றும் பூஜ்யமுமாக வரும் கட்டளையைச் செயலி எப்படிப் புரிந்துகொள்கிறது? எத்தனை பாடநூல் படித்தும் இந்த இடம் மட்டும் பிடிபடவில்லை. (கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: புரிந்துகொள்வதேயில்லை என்பதுதான் விடை. பாடநூல்கள் கூட்டல் சுற்றை விரிவாக வரைந்துவிட்டு, ‘கட்டுப்பாட்டுப் பகுதி’ என்று ஒரு பெட்டி போட்டு நகர்ந்துவிடுகின்றன. செயலியின் உயிர் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது.

எட்டு பிட் பஸ்ஸும் (எல்லாப் பகுதிகளும் பகிர்ந்துகொள்ளும் எட்டுக் கம்பிகள்) 16 பைட் நினைவகமும் கொண்ட சிறிய செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கட்டளை 0010 1111 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நான்கு பிட்டுகளுக்குக் ‘கூட்டு’ என்று நாமே பொருள் வைத்திருக்கிறோம். பின் நான்கு பிட்டுகள், கூட்ட வேண்டிய எண் இருக்கும் 15 என்ற முகவரி. கடிகாரத்தின் முதல் துடிப்பில், அடுத்த கட்டளையின் முகவரியை வைத்திருக்கும் நிரல் எண்ணி அந்த எண்ணைப் பஸ்ஸில் வைக்க, முகவரிப் பதிவகம் (பதிவகம் என்பது ஓர் எண்ணைப் பிடித்து வைத்திருக்கும் சுற்று) அதை வாங்கிக்கொள்கிறது. இரண்டாம் துடிப்பில் நினைவகம் அந்த முகவரியிலுள்ள கட்டளையை வெளியிட, கட்டளைப் பதிவகம் அதை ஏற்கிறது. அதே நேரத்தில் எண்ணி ஒன்று கூடுகிறது. மூன்றாவதில் கட்டளையின் பின்பாதியான 1111 முகவரிப் பதிவகத்துக்குச் செல்கிறது. நான்காவதில் நினைவகத்திலுள்ள எண் ‘பி’ பதிவகத்துக்கு வருகிறது. ஐந்தாவதில், ‘ஏ’ பதிவகத்தில் ஏற்கெனவே இருந்த எண்ணோடு அதைக் கூட்டிய கூட்டல் சுற்றின் விடை மீண்டும் ‘ஏ’யிலேயே அமர்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் நடப்பது இவ்வளவே: ஒருவர் பஸ்ஸில் பேசுகிறார், ஒருவர் கேட்டுக்கொள்கிறார்.

யார் பேசுவது, யார் கேட்பது என்பதை முடிவு செய்வது ஓர் அட்டவணை. கட்டளையின் நான்கு பிட்டுகளையும், எத்தனையாவது துடிப்பு என்று சொல்லும் மூன்று பிட்டுகளையும் சேர்த்து, மின்சாரம் நின்றாலும் எழுதியதை மறக்காத ஈஈப்ராம் என்ற நினைவகச் சில்லுக்கு முகவரியாகக் கொடுத்தால் 128 வரிகள் கிடைக்கின்றன. ஒவ்வொரு வரியிலும் எழுதி வைத்திருக்கும் 16 பிட்டுகள், 28சி16 என்ற ஈஈப்ராம் சில்லுகள் இரண்டிலிருந்து 16 கட்டுப்பாட்டுக் கம்பிகளாக வெளியே வருகின்றன. ‘விடை பூஜ்யமானால் வேறிடத்துக்குத் தாவு’ என்ற நிபந்தனைக் கட்டளைக்கும் தனி மூளை எதுவும் தேவையில்லை. விடை பூஜ்யமா, மிகுதி வந்ததா என்று காட்டும் இரண்டு கொடிகளின் (ஒரு பிட் குறிகளின்) கம்பிகளையும் அதே ஈஈப்ராமின் முகவரியில் சேர்த்தால் அட்டவணை 512 வரிகளாக வளர்கிறது; எந்த வரி வாசிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்துத் தாவுவதும் தாவாதிருப்பதும் அமைகின்றன. நிரலில் நாம் எழுதும் ‘இஃப்’ என்பது கடைசியில் ஒரு முகவரிக் கம்பியாக வந்து நிற்பதை முதன்முதலில் கண்டபோது எனக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்தது.

கேள்வி: கழித்தலுக்குத் தனிச் சுற்று கட்ட வேண்டுமா? (மதுரை வாசகர்)

பதில்: வேண்டாம். கழிக்க வேண்டிய எண்ணின் பிட்டுகளை எக்ஸ்-ஆர் கேட்டுகளால் புரட்டி (ஒன்றைப் பூஜ்யமாகவும் பூஜ்யத்தை ஒன்றாகவும் மாற்றி), கூட்டல் சுற்றின் மிகுதி உள்ளீட்டில் ஒன்றைக் கொடுத்தால் போதும். நான்கு பிட்டில் ஏழிலிருந்து ஐந்தைக் கழிக்க, 0111 உடன் 0101ஐப் புரட்டிய 1010ஐயும் ஒன்றையும் கூட்டினால் 1 0010 வருகிறது. வெளியேறும் மிகுதியை விட்டுவிட்டால் மீதி இரண்டு. எட்டு பிட்டுக்கு எக்ஸ்-ஆர் ஐ.சி.யான 74எல்எஸ்86 இரண்டும் கூட்டல் ஐ.சி.யான 74எல்எஸ்283 இரண்டும் போதும்.

கேள்வி: பிரெட்போர்டுகளில் (பற்றவைக்காமல் கம்பிகளைச் செருகும் துளைப் பலகைகளில்) நான் கட்டிய எட்டு பிட் செயலி சில சமயம் சரியாகக் கூட்டுகிறது, சில சமயம் உளறுகிறது. வரைபடத்தைப் பத்து முறை சரிபார்த்துவிட்டேன். (மின்பணியாளர், ஈரோடு)

பதில்: வரைபடத்தை மூடி வைத்துவிட்டு மல்டிமீட்டரைக் கையில் எடுங்கள். மின்சாரம் நுழையும் முனையில் அன்று, அதிலிருந்து மிகத் தொலைவிலுள்ள ஐ.சி.யின் கால்களிலேயே வைத்து அளக்க வேண்டும். 7400 வரிசையின் 74எல்எஸ் வகைக்குக் குறைந்தது 4.75 வோல்ட் தேவை; மெல்லிய கம்பிகளும் தளர்ந்த துளைகளும் வழியிலேயே அதைத் தின்றுவிடும். எல்லாப் பலகைகளுக்கும் மின்சாரத்தைப் பல இடங்களிலிருந்து ஊட்டி, ஒவ்வொரு ஐ.சி.யின் அருகிலும் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைப் பொருத்துங்கள். எங்கும் இணைக்காமல் விட்ட உள்ளீட்டுக் கால்களை ஐந்து வோல்ட்டிலோ தரையிலோ கட்டிவிடுங்கள். தொங்கும் கால் அருகிலிருக்கும் கம்பியின் இரைச்சலைக்கூடப் பிடித்துக்கொள்ளும்.

அதன் பிறகும் உளறினால் கடிகாரத்தைப் பாருங்கள். முகவரி மாறும் கணத்தில் ஈஈப்ராமின் வெளியீடுகள் சிறிது நேரம் எதை வேண்டுமானாலும் காட்டும். ஆகவே துடிப்பு எண்ணியைக் கடிகாரத்தின் இறங்கு விளிம்பில் (ஒன்றிலிருந்து பூஜ்யமாகும் கணத்தில்) மாற்றி, பதிவகங்களை ஏறு விளிம்பில் வாங்கச் செய்தால், கட்டுப்பாட்டுக் கம்பிகள் அடங்குவதற்கு அரைத் துடிப்பு அவகாசம் கிடைக்கும்.

என் சொந்த அனுபவம் இவை எல்லாவற்றையும்விட அற்பமானது. பதிவகத்தின் வெளியீடுகளில் ரெசிஸ்டர் இல்லாமலே எல்.இ.டி.க்களைச் செருகியிருந்தேன். விளக்குகள் அழகாக எரிந்தன. ஆனால் அவை வெளியீட்டின் வோல்டேஜை இழுத்துத் தாழ்த்தியதால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்த பிட்டை அடுத்த ஐ.சி. பூஜ்யமாகவே எண்ணிக்கொண்டது. மூன்று மாலைகள் ஈஈப்ராமின் மீது பழி போட்டுக்கொண்டிருந்தேன்.

கேள்வி: எஃப்.பி.ஜி.ஏ. பலகையில் (உள்ளிணைப்புகளை நாமே மாற்றியமைக்கக்கூடிய சில்லில்) வெரிலாக் என்ற சுற்று விவரிப்பு மொழியில் எழுதிச் செயலி அமைத்தால், அதைச் ‘சொந்தமாகக் கட்டியது’ எனலாமா? (மென்பொருள் பணியாளர், சென்னை)

பதில்: எனலாம், வடிவமைப்பு தங்களுடையதாக இருக்கும்வரை. 2010இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ரிஸ்க்-வி கட்டளைத் தொகுப்பை எவரும் உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம், சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி செயலிகளும் அதன்படி அமைந்தவையே. அதன் அடிப்படையான 32 பிட் தொகுப்பில் 40 கட்டளைகள்தாம் உள்ளன என்பதால் ஒருவரால் முடிக்கக்கூடிய வேலைதான். எனினும், ஒரு முறையேனும் பிரெட்போர்டில் நான்கு பிட் கூட்டல் சுற்றையும் ஒரு பதிவகத்தையும் கட்டிவிட்டு வெரிலாக்குக்குச் செல்லுங்கள். மென்பொருள் பழக்கத்தில் வருபவர்கள் வரிகள் மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதாகவே நினைத்து எழுதுகிறார்கள். எல்லாச் சுற்றுகளும் ஒரே நேரத்தில் இயங்கிக்கொண்டிருக்கின்றன என்பது கம்பிகளைக் கையால் செருகியவருக்குச் சொல்லாமலே தெரியும்.