ஃபைல் யார் பீரோவில் இருக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 25. தலைப்பிரசவம், இப்போது 26-வது வாரம். கரூர் பக்கம் ஒரு கிராமத்தில் மாமனார் மாமியாரோடு இருக்கிறேன். கணவருக்குத் திருப்பூரில் வேலை, சனிக்கிழமை ராத்திரி வந்து திங்கட்கிழமை காலை போவார். கழுத்தும் அக்குளும் கறுத்துவிட்டன. வயிற்றின் நடுவே கறுப்புக் கோடு, பக்கங்களில் வரி வரியாகத் தழும்பு. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, சாயந்திரமானால் கால் வீங்குகிறது. ராத்திரி தூக்கம் வராமல் இதையெல்லாம் மொபைலில் தேடிப் படித்துப் பயந்துகொண்டிருக்கிறேன். எல்லாருக்கும் இப்படித்தான் இருக்குமா? மாதாமாதம் செக்கப்புக்குத் தவறாமல் போகிறோம். டாக்டரம்மா வயிற்றைப் பார்த்து முடித்ததும் நான் வெளியே வந்துவிடுவேன், அத்தைதான் பேசிவிட்டு வருவார். நான் பயந்த சுபாவம் என்பதால் எதையும் என்னிடம் சொல்ல மாட்டார். ஃபைலும் அவர் பீரோவில்தான் இருக்கிறது. சத்து மாத்திரை சாப்பிட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்கிறார்களே, உண்மையா? பப்பாளி சாப்பிடலாமா?
- பெயர் வேண்டாம், கரூர் மாவட்டம்

பதில்: என் பெண் வயது உனக்கு. ‘நீ’ என்றே எழுதுகிறேன், கண்ணு.

பப்பாளிக்கும் தழும்புக்கும் அப்புறம் வருகிறேன். கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, ஃபைல் அத்தையின் பீரோவில் இருக்கிறது என்று, எனக்கு அங்கேதான் கண் நின்றது. இந்த மாதிரிக் கடிதம் எனக்கு வருஷக்கணக்காக வருகிறது. ஊர் மாறும், வயது மாறும், பீரோ மட்டும் மாறாது.

சரி, இப்போது நான் கேட்கிறேன், நீ பதில் சொல்லிப் பார். உன் ரத்த வகை என்ன? போன மாதம் ஹீமோகுளோபின் எவ்வளவு இருந்தது? பி.பி. எவ்வளவு? மூன்றாம் மாதத்திலிருந்து இன்றுவரை எத்தனை கிலோ கூடியிருக்கிறாய்? குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கவைத்து ரத்தம் எடுத்தார்களா, எடுத்திருந்தால் எவ்வளவு வந்தது? ஒன்றுக்கும் உனக்குப் பதில் தெரியாது. போனுக்கு இ.எம்.ஐ. என்றைக்குக் கட்ட வேண்டும் என்று கேட்டால் டக்கென்று சொல்வாய்.

‘எல்லாருக்கும் இப்படித்தான் இருக்குமா’ என்று கேட்கிறாய். ஆமாம் என்று நான் எழுதிவிட்டால் இன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்குவாய். எழுத மாட்டேன். அதற்குப் பதில் என்னிடம் இல்லை, அந்த ஃபைலில் இருக்கிறது.

மூச்சு வாங்குவதையே எடுத்துக்கொள். வயிற்றில் பிள்ளை வளர வளர உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிறது. ஆனால் அதில் நீர்ப்பகுதி கூடுகிற அளவுக்குச் சிவப்பணு கூடுவதில்லை. கெட்டி மோரில் தண்ணீர் விட்டுக் கலக்குகிற கதைதான், அளவு கூடும், அடர்த்தி குறையும். கர்ப்பப்பையும் கீழிருந்து மேலே தள்ளுகிறது. இதனாலெல்லாம் மூச்சு வாங்குவது இயல்பு. ஆனால் ரத்தசோகை இருந்தாலும் இதே மூச்சுதான் வாங்கும். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் வீட்டில் வைத்துப் பார்க்கிற சமாச்சாரமே இல்லை. உனக்கு 11.2 என்றால் மெதுவாகப் படி ஏறு, போதும். 8.4 என்றால் வேறு பேச்சு. இந்த இரண்டில் எது என்று நீயும் சொல்லவில்லை, மொபைலும் சொல்லாது.

கால் வீக்கமும் அப்படியே. நாளெல்லாம் நின்று, சாயந்திரம் கணுக்கால் வீங்கி, ராத்திரி படுத்து எழுந்தால் வடிந்துவிடுகிறது என்றால் பெரும்பாலும் பயமில்லை. காலையில் எழும்போதே முகம் உப்பியிருக்கிறது, விரலில் மோதிரம் இறுகுகிறது, தலை வலிக்கிறது, கண் மங்குகிறது, மேல்வயிற்றில் வலி என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. 20 வாரத்துக்கு மேல் பி.பி. 140/90-ஐத் தொட்டு, சிறுநீரில் ஆல்புமின் என்கிற புரதமும் தெரிந்தால், அதைத்தான் நம் ஊர்ப் பக்கம் ‘உப்பு இருக்கிறது’ என்பார்கள். முதல் பிரசவக்காரிகளுக்கு அந்த ஆபத்து கொஞ்சம் கூடுதல். பி.பி. ஏறுவது பல பேருக்கு உடம்பில் தெரியவே தெரியாது, அளந்தால்தான் தெரியும். அதற்குத்தான் மாதாமாதம் அந்தப் பட்டையைக் கையில் சுற்றுகிறார்கள். சுற்றி, எழுதி, உன் அத்தையிடம் கொடுத்து அனுப்புகிறார்கள்.

ரத்த வகையை ஏன் முதலில் கேட்டேன் தெரியுமா? உனக்கு நெகட்டிவ் குரூப், உன் வீட்டுக்காரருக்கு பாசிட்டிவ் என்றால், 28-வது வாரத்தில் ஆன்டி-டி ஊசி ஒன்று போட வேண்டும். பிள்ளை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. போடாமல் விட்டால் பெரும்பாலும் இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, அடுத்த பிள்ளைக்குத்தான் ஆபத்து. உனக்கு 28-க்கு இன்னும் இரண்டே வாரம் இருக்கிறது. சர்க்கரைப் பரிசோதனையும் அப்படித்தான். முதல் செக்கப்பில் ஒரு முறை பார்த்திருந்தாலும், 24-க்கும் 28-க்கும் நடுவில் மறுபடி பார்க்க வேண்டும். கழுத்து கறுத்திருக்கிறது என்கிறாய். கர்ப்பத்தில் தோல் கறுப்பது சகஜம்தான். ஆனால் கழுத்துத் தோல் தடித்துக் கறுப்பது சர்க்கரையின் முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். அதனால் உனக்கு அந்தப் பரிசோதனை இரட்டிப்பு அவசியம்.

இனி அத்தைக்கு வருகிறேன். அவரை வில்லியாக்க நான் தயாரில்லை. மருமகளை மாதாமாதம் தவறாமல் பஸ் ஏற்றி அழைத்துப்போய், டோக்கன் போட்டு, மணிக்கணக்காக உட்கார்ந்து கூட்டி வருகிற மாமியார் எத்தனை பேருக்குக் கிடைப்பார்? ஃபைலைப் பூட்டி வைப்பதும் தொலைந்துவிடக் கூடாது என்ற அக்கறையில்தான் இருக்கும். நான் கூட்டுக் குடும்பத்தை நம்புகிறவள். பிரசவம் என்பது ஒருத்தி தனியாகச் சுமக்கிற காரியமில்லை, பெரியவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இத்தனை வருஷமாக இதே பக்கத்தில் எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் பக்கத்தில் இருப்பது வேறு, உன் இடத்தில் உட்கார்ந்துகொள்வது வேறு. உன்னை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உன் மாமியாரிடம் உன் உடம்பைப் பற்றிப் பேசுகிற அந்த டாக்டரம்மாவுக்கும் எனக்கு மரியாதை குறைவுதான்.

கோபம் அதிகமாக வருவது உன்மேல். ‘நான் பயந்த சுபாவம்’ என்று எழுதுகிறாய். பயந்த சுபாவக்காரிதான் ராத்திரி இரண்டு மணிக்கு மொபைலில் ஊர்பேர் தெரியாதவர்களின் கருச்சிதைவுக் கதைகளைப் படிக்கிறாளா? அதற்குத் தைரியம் இருக்கிறது, அடுத்த அறையில் இருக்கும் உன் சொந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கத் தைரியமில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது உனக்கும் வசதியாக இருக்கிறது, அதை ஒப்புக்கொள். நாளைக்கு அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், தடுப்பூசித் தேதி வரும், டாக்டர் ‘எத்தனை தடவை வாந்தி எடுத்தான்’ என்று கேட்பார். அப்போதும் அத்தை முகத்தைத்தான் பார்ப்பாயா?

இன்னொன்றையும் யோசி. தலைப்பிரசவம், வளைகாப்பு போட்டு உன்னை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். நல்ல வழக்கம், அது நிற்க வேண்டும். ஆனால் அங்கே போன நாலாம் நாள் ராத்திரி பனிக்குடம் உடைகிறது என்று வைத்துக்கொள். 108 வருகிறது. பிரசவ வார்டில் நர்ஸ் முதலில் கேட்பது ரத்த வகையும் ஸ்கேன் ரிப்போர்ட்டும். ஃபைல் கரூரில் பீரோவுக்குள், சாவி அத்தை இடுப்பில். உன் அம்மா கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். நர்ஸ் எல்லாவற்றையும் முதலிலிருந்து பரிசோதிக்க ஆரம்பிப்பார். அந்த நேரத்தில் அது தாமதம்.

சண்டை வேண்டாம். ‘அத்தை, ஃபைலைக் கொடுங்க, ஸ்கேன்ல தேதி பார்க்கணும்’ என்று கேள். கொடுப்பார். வாங்கியதும் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து உன் அம்மாவுக்கும் வீட்டுக்காரருக்கும் அனுப்பு. திருப்பிக் கொடுக்காதே, உன் தலைமாட்டிலேயே வைத்துக்கொள். கேட்டால், ‘அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கு அத்தை’ என்று சொல், பொய்யில்லை. அடுத்த செக்கப்பில் பரிசோதனை முடிந்ததும் சேலையைச் சரிசெய்துகொண்டு நேராக டாக்டர் எதிரில் இருக்கும் நாற்காலியில் உட்கார். அத்தையும் பக்கத்தில் இருக்கட்டும், அவருக்கு அனுபவம் உண்டு. ஆனால் வாய் உன்னுடையதாக இருக்க வேண்டும்.

ஃபைலில் இருக்கிற செக்கப் அட்டையைப் படிப்பது கஷ்டமில்லை. தேதி, வாரம், எடை, பி.பி., ஹெச்பி (அதுதான் ஹீமோகுளோபின்), சிறுநீர், கர்ப்பப்பை உயரம், குழந்தையின் இதயத்துடிப்பு என்று கட்டம் கட்டமாக இருக்கும். கர்ப்பப்பை உயரத்தை டேப் வைத்துச் சென்டிமீட்டரில் எழுதியிருந்தால், அது உன் வார எண்ணிக்கைக்கு இரண்டு முன்னே பின்னே இருக்கும். 26 வாரத்துக்கு 26 என்றிருந்தால் நல்லது, 22 என்றிருந்தால் ஏன் என்று கேள். கர்ப்பத்தை அரசிடம் பதிந்தால் தருகிற பிக்மி எண் வாங்கியிருக்கிறார்களா என்றும் பார். தனியாரிடம் பார்த்தாலும் அந்த எண் வேண்டும், பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்பார்கள். உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரைப் பிடித்தால் பதிந்து தருவார். முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கும் அதுதான் அடிப்படை. அந்தப் பணம் யார் கணக்குக்குப் போகிறது என்று நான் கேட்கவில்லை, ஒரு கடிதத்துக்கு ஒரு பீரோ போதும்.

உன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை, அவரிடம் இதைப் படிக்கக் கொடு. தம்பி, வாராவாரம் வந்து போகிறீர்கள், சந்தோஷம். மனைவியின் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று உங்களுக்கும் தெரியாது என்று பந்தயம் கட்டுவேன். ‘அம்மா பார்த்துக்குவாங்க’ என்று விட்டுவிட இது அம்மாவின் பிள்ளையில்லை, உங்கள் பிள்ளை. சம்பளம் அனுப்பினால் கடமை முடிந்தது என்று எந்தப் பெரியவரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். 28 வாரம் வரை மாதம் ஒரு முறை, அதன்பிறகு 36 வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அப்புறம் வாரம் ஒரு முறை என்று செக்கப் நெருங்கி வரும். எல்லாவற்றுக்கும் லீவு கிடைக்காது. கிடைக்கிற லீவைத் தீபாவளிக்குச் சேர்த்து வைக்காமல் இதற்கு எடுங்கள்.

மிச்சக் கேள்விகளுக்குச் சுருக்கமாக. கறுப்புக் கோடும் கழுத்துக் கறுப்பும் ஹார்மோன் வேலை என்றால், பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் மங்கும். வயிற்று வரிகள் முழுதாக மறையாது, வெளுத்துச் சுருங்கும். எந்தக் கிரீமும் அதைத் தடுத்ததில்லை, காசை மிச்சம் பிடி. வயிற்றுத் தோல் விரிவதால் அரிப்பது வேறு. உள்ளங்கையும் உள்ளங்காலும் ராத்திரியில் அரித்தால் டாக்டரிடம் சொல், கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை தேவைப்படும்.

சத்து மாத்திரையால் கறுப்பது மலம் மட்டும்தான், பிள்ளை இல்லை. குங்குமப்பூவால் வெளுப்பதும் அதை விற்கிறவன் சொல்கிற கதை. இரும்பு மாத்திரையைக் காபி, டீயோடு சேர்க்காதே, கால்சியம் மாத்திரையோடும் சேர்க்காதே, இரண்டுக்கும் நடுவே சில மணி நேரம் விடு. மலச்சிக்கல் வந்தால் கீரை, கொய்யா, தண்ணீர். நிறுத்துவது மட்டும் கூடாது, பிள்ளை பிறந்த பிறகும் ஆறு மாதம் சாப்பிட வேண்டிய மாத்திரை அது. பழுத்த பப்பாளி ஒன்றிரண்டு துண்டால் ஒன்றும் ஆகாது, பால் வடிகிற காய்தான் வேண்டாம்.

ரத்தப்போக்கு, நீர் உடைவது, வலிப்பு, நான் மேலே சொன்ன தலைவலியும் கண் மங்கலும், வழக்கமாக உதைக்கிற பிள்ளை உதைப்பது குறைவது. இதில் எது வந்தாலும் யாரிடமும் அனுமதி கேட்காமல் 108-க்குப் போன் செய். சந்தேகம் என்றால் மருத்துவ ஆலோசனைக்கு 104.

சர்க்கரைப் பரிசோதனையை இந்த வாரமே முடித்துவிடு. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள். சென்னை டாக்டர் வி. சேஷையா பரப்பிய முறை இது, வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை. இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள், 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. திங்கட்கிழமை காலையிலேயே போய்விடு, வீட்டுக்காரர் அன்றைக்கு ஒரு நாள் தாமதமாகத் திருப்பூர் போகட்டும். அந்த இரண்டு மணி நேரமும் எங்கேயும் எழுந்து அலையக் கூடாது. இருவரும் உட்கார்ந்து ஃபைலை முதல் பக்கத்திலிருந்து படியுங்கள், புரியாத இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள்.