இருட்டைப் பத்து நாள் படம் பிடித்தது ஏன்?

கேள்வி: விண்வெளியில் சுற்றும் ஹப்பிள் தொலைநோக்கி ஒன்றுமே இல்லாத இடத்தைப் பத்து நாள் படம் எடுத்ததாமே? அவ்வளவு விலையுள்ள கருவியை அப்படி வீணாக்கலாமா?

பதில்: இதே கேள்வியை அன்றைக்கு வானியலாளர்கள் சிலரே கேட்டார்கள். ஹப்பிளின் நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆனால் அதை இயக்கும் ஆய்வு நிலையத்தின் இயக்குநருக்கென்று கொஞ்சம் நேரம் தனியாக உண்டு. அப்போது இயக்குநராக இருந்த ராபர்ட் வில்லியம்ஸ் அதைத் துணிந்து இந்த வேலைக்குக் கொடுத்தார். ஹப்பிளின் கண்ணாடியில் இருந்த குறையை விண்வெளி வீரர்கள் போய்ச் சரிசெய்து இரண்டே வருடம்தான் ஆகியிருந்தது, சொதப்பினால் எவ்வளவு பேச்சு வாங்கியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

1995 டிசம்பர் 18 முதல் 28 வரை, சப்தரிஷி மண்டலம் இருக்கும் பக்கத்தில், கையை நீட்டிப் பிடித்த ஒரு மணல் துகள் மறைக்கும் அளவு வானத்தை 342 முறை படம் எடுத்தார்கள். நம் பால்வீதியின் நட்சத்திரக் கூட்டம் குறுக்கே வராத இடம் அது. மங்கலான ஒளி சொட்டுச் சொட்டாகத்தான் வரும், சேர்த்துக்கொண்டே இருந்தால்தான் உருவம் தெரியும், அதற்குத்தான் பத்து நாள்.

கிடைத்தது சுமார் 3,000 விண்மீன் மண்டலங்கள், அதாவது நம் பால்வீதியைப் போன்ற நட்சத்திரக் கூட்டங்கள்! சிலவற்றின் ஒளி பூமி பிறப்பதற்கும் பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பே கிளம்பியது. அப்புறம் இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது: அந்தப் படங்களை வில்லியம்ஸ் பூட்டி வைக்கவில்லை, உடனே உலகத்துக்கே திறந்துவிட்டார்.