கோழிக்குஞ்சும் தண்ணீர் மோட்டாரும் ஒரே ஜெனரேட்டரில்

கேள்வி: பர்மாவில் பெகு பக்கம் வயலோடு சின்னக் கோழிக் கொட்டகையும் வைத்திருக்கிறேன். 300 பிராய்லர் குஞ்சு இறக்கி நாலு நாள் ஆகிறது. கரண்டு போனால் 2.5 கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டரைப் போடுகிறேன். அதில் குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்க 250 வாட் பல்பு நாலு, வீட்டுக்கு ஒரு பிரிட்ஜ், இரண்டு ஃபேன், டிவி, ஐந்து லைட், அப்புறம் அரை எச்.பி. தண்ணீர் மோட்டார். கூட்டிப் பார்த்தால் 2,000 வாட்டுக்குள்தான் வருகிறது. ஆனாலும் மோட்டாரைப் போட்டதும் ஜெனரேட்டர் திணறி நின்றுவிடுகிறது. நேற்று ராத்திரி அப்படி நின்றதில் பதினொரு குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிப்போயின. பெரிய ஜெனரேட்டர்தான் வாங்கணுமா?

பதில்: வாங்க வேண்டாம் ஐயா. நாலு நாள் குஞ்சு செத்துக் கிடப்பதைப் பார்க்கிற வேதனை எனக்கும் தெரியும். இன்று ராத்திரிக்கே இதைச் சரிசெய்துவிடலாம்.

முதலில் ஜெனரேட்டரில் அளவு எழுதி ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். 2.5 கே.வி.ஏ. என்பது 2,500 வாட் ஆகாது. இந்த மாதிரி ஜெனரேட்டர்களுக்குப் பொதுவாக 0.8 ஆல் பெருக்க வேண்டும். 2,000 வாட் கிடைக்கும். தகட்டில் இரண்டு எண் இருந்தால் பெரியது கொஞ்ச நேரத்துக்கு மட்டும் தாங்கும் அளவு; கணக்குக்குச் சின்னதைத்தான் எடுக்க வேண்டும். விடிய விடிய ஓட வேண்டிய இயந்திரத்தில் அதிலும் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே, அதாவது 1,600 வாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் கணக்கில் விட்டுப்போனது மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்டு. பல்பு எப்போதும் ஒரே அளவுதான் எடுக்கும். மோட்டார் அப்படியில்லை. ஓடும்போது சுமார் 550 வாட் எடுக்கிற அரை எச்.பி. மோட்டார், கிளம்பும் அந்த ஒன்றிரண்டு நொடியில் மூன்று மடங்கிலிருந்து ஐந்து மடங்கு வரை கேட்கும். மூன்று மடங்கு என்றே வையுங்கள், 1,650. ஏற்கெனவே ஓடுகிற பல்பு, பிரிட்ஜ், ஃபேன் எல்லாம் 1,400. மொத்தம் 3,000-ஐத் தாண்டுகிறது. இயந்திரம் எப்படித் தாங்கும்? பிரிட்ஜிலும் இதே வம்பு உண்டு. அது தானாக நின்று நின்று கிளம்பும், எப்போது இழுக்கும் என்று நமக்குத் தெரியாது.

ஆகவே ராத்திரியில் மோட்டாரை ஜெனரேட்டரில் போடவே போடாதீர்கள். முதல் வாரத்தில் 300 குஞ்சும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு வாளித் தண்ணீருக்கு மேல் குடிக்காது. கரண்டு இருக்கும்போதே டிரம்மில் நிரப்பி வையுங்கள். பிரிட்ஜையும் கழற்றிவிடுங்கள், கதவைத் திறக்காமல் இருந்தால் நாலு மணி நேரம் குளிர் நிற்கும். மீதி பல்பு, ஃபேன், லைட், டிவி எல்லாம் 1,300 வாட்டுக்குள் அடங்கிவிடும். அவசியமாக மோட்டார் போட வேண்டுமென்றால், பகலில், மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் தனியாகப் போடுங்கள்.

இன்னொன்றும் சொல்லணும். பெட்ரோலை எரித்துக் கரண்டாக்கி, அந்தக் கரண்டை மறுபடி சூடாக மாற்றுவது பெரிய வீண். பெட்ரோலின் சூட்டில் பெரும்பகுதி புகைக்குழாயிலும் இயந்திரம் சூடாவதிலுமே போய்விடுகிறது. மூடியும், புகை வெளியே போகக் குழாயும் வைத்த, கரி எரிக்கிற டிரம் ஒன்று கொட்டகையில் இருந்தால் இரண்டு பல்பைக் குறைக்கலாம். ஜெனரேட்டர் நின்றாலும் குஞ்சு தப்பும். குழாய் இல்லாத கரிச்சட்டி மட்டும் கூடவே கூடாது. முதல் வாரம் குஞ்சு மட்டத்தில் 32, 33 டிகிரி இருக்கணும். குஞ்சுகள் ஒட்டிக் குவிந்தால் குளிர், வாய் பிளந்து ஓரத்துக்குப் போனால் சூடு அதிகம், பரவிப் படுத்தால் சரி.

ஜெனரேட்டரை வீட்டு பிளக்கில் செருகி ஓட்டுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியென்றால் இன்றே நிறுத்துங்கள். அந்தக் கரண்டு வெளிக்கம்பிக்கு ஏறும். கம்பத்தில் வேலை செய்கிறவர் உயிர் போய்விடும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, வெளிக்கரண்டு, ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைக்கிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒன்று மாட்டுங்கள். மழைக்குப் பயந்து இயந்திரத்தைத் திண்ணையிலோ கொட்டகைக்குள்ளோ இழுத்து வைக்காதீர்கள். அதன் புகையில் வாசனையே தெரியாத விஷவாயு இருக்கிறது. வெளியே, காற்று வீட்டிலிருந்து விலகி வீசும் பக்கம், மேலே ஒரு தகரம் போட்டு நாலு பக்கமும் திறந்து வையுங்கள்.