வெளிநாட்டு நிபுணர்களோடு சேர்ந்து வேலை பார்ப்பதால் நம்ம ஊர் ரோட்டுக்கு என்ன லாபம்?

வெளிநாட்டுப் பொறியாளர்களும் நம்மவர்களும் கூடி வேலை பார்ப்பதால் விபத்து குறையுமா, இல்லை ஏசி ஹாலில் பேசிக் கலைவதோடு சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சிவில் கடைசி வருடம் படிக்கிறவராக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். குறையும். ஆனால் வந்தவர்களை ரோட்டில் இறக்கி வெயிலில் நிற்க வைக்க வேண்டும்.

எனக்குத் திருநெல்வேலிப் பக்கம். சாலைப் பாதுகாப்பு ஆடிட் செய்வது வேலை. முக்கூடல் வட்டாரத்தில் ஒரு ரோட்டை அகலப்படுத்துவதற்கு முன்னால் பார்க்க நெதர்லாந்திலிருந்து ஒரு பொறியாளர் அம்மா வந்திருந்தார். வந்ததும் விபத்துப் பட்டியலைக் கேட்பார் என்று நினைத்தோம், அவர் கேட்டது வண்டிகள் என்ன வேகத்தில் போகின்றன என்பதைத்தான். டீக்கடை ஓரமாக நின்று ஸ்பீடு கன்னில் பிடித்தோம். போர்டில் 40, போகிற வண்டி பெரும்பாலும் 60-ஐத் தாண்டி.

இதற்கு நம்மிடம் இருக்கிற ஒரே மருந்து ஸ்பீடு பிரேக்கர். எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்று இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் வழிகாட்டி நூலான ஐஆர்சி 99 அளவே சொல்கிறது, ஆனால் யாராவது செத்தால் மறுநாள் ராத்திரி முதுகு ஒடிகிற மாதிரி ஒரு தார் மேட்டைப் போட்டுவிட்டுப் போவார்கள், வெள்ளைக் கோடு கூட இருக்காது. அவர் சொன்னது வேறு. ரோட்டை அந்த இடத்தில் குறுக்கி, ஆள் கடக்கிற இடத்தையே மேடையாக உயர்த்தச் சொன்னார். அவர் நாடும் பிறக்கும்போதே அப்படி இல்லை. 1971-ல் அங்கே சாலையில் செத்தவர்கள் 3,000-க்கும் மேல், அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். பெற்றவர்கள் தெருவில் இறங்கிப் போராடியதற்குப் பிறகுதான் ரோடு மாறியது. இப்போது வருடத்துக்கு 700-ஐ ஒட்டி. நமக்கு 2022-ல் மட்டும் 1,68,491 பேர்.

எங்களுக்குள் தகராறு வந்தது ஒரு வேப்பமரத்தில். சாலைக்கு நட்சத்திர மதிப்பீடு போடும் ஐராப் முறையில் 10 செ.மீ.க்கு மேல் தடிமனான மரம் ரோட்டோரம் நின்றால் அது ஆபத்துக் கணக்கு, வண்டி மோதினால் ஆள் பிழைக்க மாட்டான் என்பதால். அவர் வெட்டச் சொல்லி வரைபடத்தில் மரத்தை வட்டம் போட்டுவிட்டார். நான் விடவில்லை. சாயங்காலம் வரை இருங்கள் என்று நிற்க வைத்தேன். தகரக் கூரை போட்ட பஸ் ஸ்டாப் எதிர்ப்பக்கம், மேற்கு வெயில் நேரே முகத்தில் அடிக்கும். பீடிக்கடைக்குக் கட்டு கொடுத்துவிட்டுத் திரும்புகிற பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் இந்தப் பக்கம் மரத்தடியில் நின்றார்கள். பஸ் தலை தெரிந்ததும் மொத்தமாக ரோட்டைக் குறுக்கே ஓடினார்கள். ஒரு பாட்டியிடம் ஏன் அங்கே நிற்கக்கூடாது என்றேன். “அங்கன நின்னா மண்டை காஞ்சிரும்லா தம்பி, இங்கன காத்தாவது வருது” என்றார். இதை நான் ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கும் முன்பே அந்த அம்மா தன் வரைபடத்தை எடுத்துவிட்டார்.

வேகம் குறைந்தால் மரத்தால் வருகிற ஆபத்தும் குறையும் என்பது அவர்கள் கணக்கிலேயே இருக்கிறது. கார் 50-லிருந்து 65-க்கு ஏறினாலே, அதில் அடிபட்டால் நடந்து போகிறவர் சாகும் வாய்ப்பு நாலரை மடங்கு. ஆகவே மரம் நின்றது, இரண்டு பக்க பஸ் நிறுத்தமும் நிழல் விழுகிற இடத்துக்கு நகர்ந்தது, நடுவில் மேடைக் கிராசிங் வந்தது. அவர் அறிக்கையில் நிழலுக்கென்று தனிப் பகுதி இருந்தது. அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

வெள்ளைக்காரனுக்கு வால் பிடிக்கிறான் என்று யாராவது எழுதுவீர்கள். எழுதுங்கள். மக்களும் வண்டியும் கலக்கிற இடத்தில் 30-க்கு மேல் கூடாது என்ற 2020 ஸ்டாக்ஹோம் பிரகடனம், 2030-க்குள் சாவைப் பாதியாக்க வேண்டும் என்ற ஐ.நா. இலக்கு இதெல்லாம் பல நாட்டுக்காரர்கள் உட்கார்ந்து பேசி வந்தவை. காப்பியடித்துப் போட்டால் நம்ம ஊரில் நிற்காது, அவ்வளவுதான் நான் சொல்வது.

இன்னொன்று, கேட்காததுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி ஒன்பதுக்கு மேல் புது பஸ் ஸ்டாண்டில் கிராமத்துக்கு பஸ் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். ஜவுளிக்கடையில் வேலை முடிந்து வருகிற பையன்கள் ஒரே பைக்கில் மூன்று பேராகப் போவது கொழுப்பினால் இல்லை. ‘நீடித்த போக்குவரத்து’ என்று பேசுகிற கூட்டத்தில் நான் கடைசி பஸ்ஸைப் பற்றிக் கேட்டால் அது வேறு துறை என்கிறார்கள்.

சரி, உங்கள் விஷயம். இப்படி ஒரு குழுவில் சேர வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். போகுமுன் ஐஆர்சி 99-ம், நடப்பவர்களுக்கான ஐஆர்சி 103-ம் படியுங்கள். உங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் போய் நின்று, யார் எங்கே நிற்கிறார்கள், எங்கே கடக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பீடு கன் கிடைக்காவிட்டால் இரண்டு கம்பத்துக்கு நடுவே டேப்பால் அளந்து, போனில் ஸ்டாப்வாட்ச் வைத்தே வேகம் எடுக்கலாம்.